சுவரின் உரிமை

பழையதைக் காப்பாற்ற வேண்டும் என்ற வாக்கியத்திற்கு எங்கும் எதிர்ப்புக் கிடையாது. அரசாங்கம் சொல்கிறது. அரசாங்கத்தை எதிர்ப்பவனும் சொல்கிறான். உல்லாசப் பயணி சொல்கிறான், கவிஞனும் சொல்கிறான். எல்லோரும் உடனே ஒப்புக்கொண்டுவிடுகிற ஒரு தர்மம், ஒப்புக்கொள்கிறவனிடம் எதையும் கேட்காத தர்மமாகத்தான் இருக்க முடியும் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. இந்தச் சந்தேகத்தைக் கருத்துலகில் வைத்துக்கொண்டு பேசினால் ஒரு முடிவுக்கும் வர முடியாது. ஸ்தூலமான ஓர் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அல்ஜீரியாவின் தலைநகரான அல்ஜியர்ஸில், கடலைப் பார்த்துச் சரியும் குன்றின்மேல் ஒன்றையொன்று ஒட்டி அடுக்கியதுபோல வீடுகள் நிற்கும் காஸ்பா என்ற பழைய பகுதியை எடுத்துக்கொள்கிறேன்.

காஸ்பாவைப் பற்றிப் பல காலமாகப் பேசப்படுவதும் பத்திரிகைகளில் வந்ததுமான செய்தி ஒன்று உண்டு. வீடு விழும் நிலைக்கு வந்துவிட்டால் அதில் குடியிருப்பவர்களுக்கு நகரத்தின் ஓரத்தில் அரசாங்கம் புது அடுக்குமாடி வீடு ஒதுக்குகிறது. அந்த ஒதுக்கீட்டுக்காகச் சிலர் தாங்கள் குடியிருந்த வீட்டைத் தாங்களே சேதப்படுத்தினார்கள் என்பது செய்தி. இருநூறு, முன்னூறு வருஷம் நின்ற வீடுகள் இவை.

இது தவறா? தவறு என்றால் யாருக்கு இழைத்த தவறு? 1992-ல் யுனெஸ்கோ காஸ்பாவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்தக் கணக்குப்படி அது மனித குலம் முழுவதற்கும் பொதுவான செல்வம். ஆகவே ஒரு ஒண்டுக்குடித்தனக்காரன் மனித குலத்தின் சொத்துக்குச் சேதம் விளைவித்துவிட்டான். இப்படிச் சொல்லிப் பார்த்தவுடனேயே வாக்கியம் இளித்துவிடுகிறது. மனித குலம் அந்தக் கூரையின் கீழ் ஓர் இரவும் படுத்துத் தூங்கியதில்லை. மழைக்காலத்தில் எந்த மூலையில் ஒழுகும் என்று அதற்குத் தெரியாது. ஆனாலும் அந்தக் குடும்பம் செய்ததைச் சரியென்று சொல்லவும் மனம் வரவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

*

முதலில் பெயர். காஸ்பா என்றால் கோட்டை. குன்றின் உச்சியில் இருந்த கோட்டைக்கு மட்டுமே அந்தப் பெயர். கீழே பரவிக் கிடந்த வீடுகளுக்குத் தனிப்பெயர் தேவைப்படவில்லை. அதுதான் ஊர், அல்-ஜஸாயிர். பத்தாம் நூற்றாண்டில் ஸிரி வம்சத்து புலுக்கின், இகோஸியம் என்ற ரோமானியத் துறைமுகம் இருந்த இடத்தில் எழுப்பிய ஊர். 1516-க்குப் பிறகு ஒட்டோமன் ஆட்சிக்கு உட்பட்ட கடலோடிகளின் தலைநகர். அதன் அதிபதியான தேய் தன் வசிப்பிடத்தைக் கீழ் நகரத்து மாளிகையிலிருந்து உச்சிக் கோட்டைக்கு மாற்றிக்கொண்டதே 1817-ல்தான். 1830 ஜூலை 5-ல் நகரம் பிரெஞ்சுப் படையிடம் சரணடைந்தது. அதன் பிறகு பக்கத்தில் வேறொரு நகரம் எழும்பியது. புதிய நகரம் ஊர் என்ற இடத்தைப் பிடித்துக்கொண்டதும், ஊராக இருந்தது ஒரு பேட்டையாயிற்று. கோட்டையின் பெயர் வழிந்து இறங்கி எல்லா வீடுகளுக்கும் பெயராயிற்று.

ஒரு நகரம் வயதாவதால் பழைய நகரம் ஆகிவிடுவதில்லை. பக்கத்தில் ஒருவன் புதிதாக ஒன்றைக் கட்டிவிட்டு இதைப் பழையது என்று அழைக்கும்போது ஆகிறது. பழமை என்பது ஒரு பொருளின் குணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் அது ஒருவன் இன்னொருவனுக்கு ஒதுக்கிக் கொடுக்கும் இடமாக இருக்கிறது. பழையதைக் காப்பாற்றுவது பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஒதுக்கீட்டை யார் செய்தார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும்.

வந்தவர்கள் முதலில் இடித்தார்கள். படைகள் அணிவகுக்க ஒரு மைதானம் வேண்டியிருந்தது. கீழ் நகரத்தின் நெருக்கமான வீடுகளும் கடைத்தெருக்களும் போயின. அஸ்-ஸெய்யிதா என்ற மசூதியும் போயிற்று. நேரான அகலத் தெருக்கள் வந்தன. மதிலின் பெரும்பகுதி காலப்போக்கில் அப்புறப்படுத்தப்பட்டது. கெட்ஷாவா மசூதி 1832-ல் தேவாலயமாக்கப்பட்டது. பிறகு பழைய கட்டடத்தின் இடத்தில் கதீட்ரல் எழுந்தது. 1962-ல் நாடு சுதந்திரமடைந்ததும் அது மறுபடி மசூதியாயிற்று. அன்றைய மைதானம் இன்று தியாகிகள் சதுக்கம். அதற்கடியில் சுரங்க ரயில் நிலையம் கட்டத் தோண்டியபோது, ரோமானியர் காலத்திலிருந்து அடுக்கடுக்காக வந்த எச்சங்களோடு இடிக்கப்பட்ட மசூதியின் அடித்தளமும் வெளிப்பட்டது. பிரெஞ்சுப் பொறியாளர்கள் மண்ணோடு மண்ணாக்கியதை, ஒன்றேமுக்கால் நூற்றாண்டு கழித்து அல்ஜீரியத் தொல்லியலாளர்களும் பிரெஞ்சுத் தொல்லியலாளர்களும் சேர்ந்து தூரிகையால் துடைத்து எடுத்தார்கள். நிலையம் 2018-ல் திறக்கப்பட்டது.

இடித்தவர்களைப் பற்றிப் பேசுவது சுலபம். காப்பாற்றியவர்களைப் பற்றிப் பேசுவதுதான் சிரமம். அதற்கு அல்ஜீரியாவை விட்டுப் பக்கத்து மொராக்கோவுக்குப் போக வேண்டும். 1912-ல் அங்கே பிரெஞ்சுப் பாதுகாப்பாட்சி ஏற்பட்டது. அதன் தலைவனாக வந்த லியோத்தே அல்ஜியர்ஸில் நடந்ததை அறிந்தவன். அதை அநாகரிகம் என்று கருதியவன். மொராக்கோவில் பழைய நகரங்களைத் தொடக்கூடாது என்று தீர்மானித்தான். ஃபெஸ், ரபாத் போன்ற ஊர்களில் மதிலுக்கு வெளியே, இடைவெளி விட்டு, ஐரோப்பியர்களுக்கான புதிய நகரங்களை வகுக்க ஹென்றி ப்ரோஸ்த் என்ற நகர வரைவாளரை வைத்துக்கொண்டான். மசூதிகளில் முஸ்லிம் அல்லாதவர் நுழையக்கூடாது என்று அவன் போட்ட தடை, ஒருசில விலக்குகளோடு இன்றுவரை நீடிக்கிறது. பழைய நகரத்தின் தோற்றத்தைக் கெடுக்கும்படி கட்டக்கூடாது என்று விதிகள் வந்தன.

படிக்கும்போது மரியாதை தோன்றுகிறது. இந்த மரியாதையின் விளைவு என்ன? வெளிச்சமும் சாலையும் சாக்கடையும் முதலீடும் புதிய நகரத்துக்குப் போயின. கிராமங்களிலிருந்து பிழைக்க வந்தவர்களுக்குப் புதிய நகரத்தில் இடமில்லை. மதிலுக்குள் நெருக்கிக்கொண்டார்கள், அல்லது தகரக் குடிசைகளில் அடைந்தார்கள். பழைய நகரம் வளரவும் கூடாது, மாறவும் கூடாது. ஜனம் மட்டும் பெருகிக்கொண்டே போயிற்று. ஜேனட் அபு-லுகோத் 1980-ல் ரபாத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே இதை நகர அளவிலான இன ஒதுக்கல் என்று அழைத்தார். லியோத்தேயின் ரசனை பொய்யானது என்று நான் சொல்லவில்லை. அவன் நிஜமாகவே ரசித்தான் என்றுதான் நினைக்கிறேன். அதுதான் விஷயத்தைச் சிக்கலாக்குகிறது. உண்மையான ரசனை ஓர் அநீதிக்கு எவ்வளவு சௌகரியமாகப் பயன்படும் என்பதற்கு ஃபெஸ் சாட்சி. ஆனால் இன்று நாம் பார்த்து வியக்கும் ஃபெஸ் முழுசாக நிற்பதற்கு அந்த அநீதியும் ஒரு காரணம் என்பதை மறைத்துவிட்டுப் பேசவும் முடியாது.

*

காஸ்பாவையும் ரசித்தவர்கள் உண்டு. லெ கொர்பூஸியே 1931-ல் அல்ஜியர்ஸுக்கு வந்தவர். காஸ்பாவின் மாடிகளையும் முற்றங்களையும் வாயாரப் புகழ்ந்தார். அடுத்த வருஷம் அவர் முன்வைத்த திட்டத்தில் கடற்கரையோரத்து வர்த்தகப் பகுதியிலிருந்து மேட்டிலுள்ள ஐரோப்பியக் குடியிருப்புகளுக்கு ஓர் உயர்ந்த பாலம் போகிறது. அது காஸ்பாவின் தலைக்குமேல் போகிறது. காஸ்பாவின் ஒரு கல்லையும் தொடாமல், அதிலிருந்து ஒருவரையும் சந்திக்காமல், அதைக் குனிந்து பார்த்துக்கொண்டு போய்விடலாம். திட்டம் நிறைவேறவில்லை. ஆனால் ஒரு மனோபாவத்தின் வரைபடமாக அதைவிடத் துல்லியமானது வேறு இல்லை.

அவருக்கு நூறு வருஷம் முன்னால், 1832-ல், ஓவியர் டெலக்ருவா அல்ஜியர்ஸில் ஒரு வீட்டின் உள்கட்டுக்குள் போக எப்படியோ அனுமதி பெற்றார். பார்த்ததை வைத்து 1834-ல் ‘அல்ஜியர்ஸ் பெண்கள்’ படத்தை வரைந்தார். அஸ்ஸியா ஜெபார் 1980-ல் அதே தலைப்பில் ஒரு கதைத் தொகுப்பை வெளியிட்டு, பின்னுரையில் அந்தப் பார்வையையே விசாரணைக்கு உட்படுத்தினார். பார்ப்பதற்கு உரிமையற்ற ஒருவன் திருடிய பார்வை அது; பார்க்கப்பட்ட பெண்களின் குரலோ படத்தில் கிடையாது.

இதைச் சொல்வதற்குக் காரணம் காஸ்பா வீட்டின் அமைப்பு. அந்த வீட்டுக்கு முகம் இல்லை. தெருப்பக்கம் கனத்த சுவர், ஒரு கதவு, மேலே சிறு துவாரங்கள். கதவு திறந்தாலும் உள்ளே தெரியாது. ஸ்கிஃபா என்ற ரேழி திரும்பி வளைந்துதான் முற்றத்தில் சேரும். முற்றத்தைச் சுற்றி வளைவுத் தூண்கள், மேலே வானம், அடியில் மழைத் தண்ணீரைச் சேர்க்கும் தொட்டி. அழகு முழுவதும் உள்ளே, அங்கே வாழ்கிறவர்களுக்காக. வெளியே நிற்பவனுக்கு அந்த வீடு எதையும் சொல்ல விரும்பவில்லை. இன்றைய பாரம்பரியப் பாதுகாப்பு என்ற கருத்தோ பார்வையிலிருந்து பிறந்தது. தெருவிலிருந்து தெரியும் முகப்பைக் காப்பது அதன் முதல் பழக்கம். புகைப்படம், வழிகாட்டி, நுழைவுச்சீட்டு எல்லாம் பார்க்கிறவனுக்காக. பார்க்கப்படக்கூடாது என்று கட்டப்பட்ட ஒன்றைப் பார்க்கத் தக்கதாக்கிக் காப்பாற்றினால், எதைக் காப்பாற்றியிருக்கிறோம்?

*

முகம் இல்லாத அந்த வீட்டுக்கு உடம்பு உண்டு. அந்த உடம்பு தனியாக நிற்பதில்லை. காஸ்பா வீடுகள் சரிவில் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. சுவர்கள் பொதுச் சுவர்கள். மேல்மாடி தெருவின்மேல் நீட்டிக்கொண்டு, சாய்வாக ஊன்றிய தூயா மரக்கட்டைகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. பல இடங்களில் எதிர் வீட்டோடு தொட்டுக்கொண்டு தெருவையே மூடிவிடுகிறது. 1716-ல் நிலநடுக்கம் ஊரை உலுக்கியது. சுவர்களின் செங்கல் வரிசைகளுக்கு நடுவே மரத்தைக் கிடத்திக் கட்டுவதையும், வீட்டுக்கு வீடு முட்டுக் கொடுத்துக்கொள்வதையும் நிலநடுக்கத்துக்கு எதிரான யுக்திகளாக ஆராய்ச்சியாளர்கள் காண்கிறார்கள். ஆகவே ஒரு வீட்டை எடுத்துவிட்டால் வரிசையில் ஒரு பல் விழுந்ததுபோல் இல்லை. பக்கத்து வீடு தன் தோளை இழக்கிறது. காஸ்பாவில் வீடு என்று தனியாக எண்ணக்கூடிய ஒன்று கிடையாது என்றே சொல்லலாம். சாய்தல்தான் அங்கே இருப்பு.

இந்தச் சாய்தலுக்கு ஒரு தர்ம சாஸ்திரமும் இருந்தது. வட ஆப்பிரிக்காவில் வழங்கிய மாலிகி மரபின் நீதிபதிகள் சுவர், ஜன்னல், சாக்கடை, வாசல் ஆகியவற்றைப் பற்றி நூற்றாண்டுகளாகத் தீர்ப்புகள் சொல்லி வந்தார்கள். பதினாலாம் நூற்றாண்டில் தூனிஸில் இருந்த இப்னு அர்-ராமி அவற்றையெல்லாம் தொகுத்துக் கட்டடச் சட்டம் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் கொத்தனார். தகராறு வந்த சுவரை நேரில் போய்ப் பார்த்து நீதிபதிக்குச் சொல்கிற வேலை அவருடையது. அந்த மரபின் அடிப்படை எளிமையானது: தனக்கு வசதி என்று பிறருக்குத் தீங்கு செய்யாதே. அண்டை வீட்டான் உன் சுவரில் தன் உத்தரத்தைச் செருக வந்தால் தடுக்காதே என்று நபிவழிச் செய்தி ஒன்று உண்டு. இது கட்டாயமா, நல்லொழுக்கமா என்று சட்ட அறிஞர்கள் வாதாடினார்கள். மாலிகிகள் நல்லொழுக்கம் என்ற பக்கம் நின்றார்கள். கட்டாயமில்லாத இந்த நல்லொழுக்கத்தின்மேல்தான் ஊர்கள் நின்றன.

இந்தச் சிந்தனையில் அழகு என்ற சொல் வரவில்லை. பழமை என்ற சொல்லும் வரவில்லை. சுவர் காப்பாற்றப்பட வேண்டியது, ஏனென்றால் அதில் இன்னொருவனின் உத்தரம் செருகியிருக்கிறது.

இதற்கு ஒரு கொடிய நிரூபணம் 1957-ல் கிடைத்தது. அந்த வருஷம் ஜெனரல் மாஸுவின் பாராசூட் படை காஸ்பாவை முள்வேலியால் சூழ்ந்து, வீடு வீடாகச் சோதித்து, பிடித்தவர்களைச் சித்திரவதை செய்தது. கர்னல் த்ரங்கியேயின் ஏற்பாட்டில் வீடுகளின்மேல் எண்கள் எழுதப்பட்டன. ஒவ்வொரு வீட்டில் இருப்பவர்களின் கணக்கையும் ஒருவன் ஒப்புவிக்க வேண்டும். போராளிகள் பெண்களின் இடமான மொட்டைமாடிகள் வழியே வீட்டுக்கு வீடு தாண்டித் தப்பினார்கள். எண் ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாகப் பிரித்தது; மாடி சேர்த்தது. அக்டோபர் 8 அன்று அலி லா ப்வான்த், ஹஸீபா பென் பூவலி, இன்னொரு இளைஞன், சிறுவன் உமர் ஆகிய நால்வர் ஒளிந்திருந்த வீட்டைப் படையினர் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த வீடு தனியாக விழவில்லை. அயல் வீடுகளும் சேர்ந்து விழுந்து, சம்பந்தமில்லாதவர்கள் செத்தார்கள், சின்னஞ்சிறு பெண் குழந்தைகள் உட்பட. பொன்டகோர்வோ அதே சந்துகளில் எடுத்த படம் 1966-ல் வெளிவந்து உலகமெங்கும் ஓடியது. காஸ்பா என்றால் எதிர்ப்பின் சின்னம் என்றாயிற்று. சின்னமான பிறகு ஓர் இடத்தின் கூரையைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை.

*

1962-ல் ஐரோப்பியர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். அவர்கள் விட்டுப்போன அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குக் காஸ்பாவின் வசதியுள்ள குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. யார் அவர்களைக் குறை சொல்ல முடியும்? நூற்றுமுப்பது வருஷமாகத் தங்களுக்கு மறுக்கப்பட்ட தெருவுக்கு அவர்கள் போனார்கள். காலியான வீடுகளில் போரால் ஊரிழந்த கிராமத்து ஜனங்கள் அறைக்கு ஒரு குடும்பமாகக் குடியேறினார்கள். வீட்டுக்காரர் எங்கோ இருக்கிறார். அவருக்குப் பின் பாகம் பிரியாத பங்காளிகள். வருகிற வாடகையில் ஒரு உத்தரமும் மாற்ற முடியாது. ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடிப்பது வெறும் வெள்ளைக்காக இல்லை. சுண்ணாம்புதான் அந்தச் செங்கல் சுவரை மூச்சுவிட வைக்கும் தோல். சுண்ணாம்பு நின்றது, சிமெண்டுப் பூச்சு வந்தது, ஈரம் உள்ளேயே தங்கியது. குழாய்கள் கசிந்து அடித்தளம் ஊறியது. ஒரு வீடு விழுந்த இடத்தில் வெற்றிடம். அதன் இரு பக்கத்து வீடுகளும் சரியத் தொடங்கின.

பட்டியலில் சேர்ந்த 1992-தான் உள்நாட்டு வன்முறை தொடங்கிய வருஷமும். பத்து வருஷம் அதில் போயிற்று. 2003 மே மாதத்து நிலநடுக்கம் மேலும் சேதப்படுத்தியது. 1998-ல் பாரம்பரியச் சட்டம் வந்திருந்தது. 2012-ல் நிரந்தரப் பாதுகாப்புத் திட்டம் வந்தது. அவசரத்துக்கு என்று சந்துகளின் குறுக்கே மர முட்டுகள் நிறுத்தப்பட்டு, அவையே நிரந்தரமாயின. குடும்பங்கள் வெளியே குடியமர்த்தப்பட்டன. பூட்டிய வீட்டுக்குள் வேறு குடும்பங்கள் நுழைந்தன, அவர்களுக்கும் ஒதுக்கீட்டில் ஒரு நம்பிக்கை. 2018 டிசம்பரில் பாரிஸ் வட்டார அரசும் அல்ஜியர்ஸ் மாகாண நிர்வாகமும் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஜான் நூவேலும் காஸ்பாவுக்குப் புத்துயிர் ஊட்டும் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டார்கள். கட்டடக் கலைஞர்களும் அறிஞர்களுமாகச் சுமார் 400 பேர் அவர் விலக வேண்டும் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். காஸ்பாவை யார் காப்பாற்றுவது என்று உலகம் விவாதித்துக்கொண்டிருந்தது. நாலு மாதம் கழித்து, 2019 ஏப்ரலில், கீழ்க் காஸ்பாவில் ஒரு கட்டடம் இடிந்து ஐந்து பேர் இறந்தார்கள்.

*

காப்பாற்றுதலைப் பற்றி ஐரோப்பியச் சிந்தனை சொன்னதில் இரண்டை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ரஸ்கின் 1849-ல் சொன்னது: பழைய கட்டடங்கள் நம்முடையவை அல்ல, கட்டியவர்களுக்கும் இனி வரப்போகிறவர்களுக்கும் சொந்தம், புதுப்பிக்கிறேன் என்று கை வைக்காதே, முட்டுக் கொடு, முட்டு அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. வீயென்னாவின் ரீகல் 1903-ல் இந்த மதிப்புகளைப் பிரித்துக் காட்டினார். பழமையின் மதிப்பு சிதிலத்தை விரும்புகிறது. வரலாற்று மதிப்பு சிதிலத்தை நிறுத்தி வைக்க விரும்புகிறது. பயன் மதிப்பு ஒழுகாத கூரையை விரும்புகிறது. மூன்றும் ஒரே சுவரில் சண்டையிடுகின்றன.

இருவருமே கூர்மையானவர்கள். ஆனால் ரஸ்கினின் கணக்கில் செத்தவர்கள் இருக்கிறார்கள், பிறக்காதவர்கள் இருக்கிறார்கள். இன்றிரவு உள்ளே படுப்பவன் காவற்காரனாக மட்டுமே இருக்கிறான். ரீகலின் மூன்று மதிப்புகளும் ஒரு பொருளுக்கும் அதற்கு எதிரே நிற்கும் ஒருவனுக்கும் உள்ள உறவைப் பற்றியவை. ஒரு சுவருக்கு இரண்டு பக்கம் உண்டு, இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறான் என்பது இந்தச் சிந்தனையில் ஒரு விவரமாக இருக்கலாம், அஸ்திவாரமாக இல்லை. இப்னு அர்-ராமிக்கு அதுதான் அஸ்திவாரம்.

இப்போது வீட்டைச் சேதப்படுத்திய குடும்பத்துக்கு வருகிறேன். அவர்கள் செய்தது தவறு என்று நினைக்கிறேன். ஆனால் மனித குலத்துக்கு அவர்கள் கடன்பட்டிருக்கவில்லை. அது அவர்களுக்கு எதுவும் தரவில்லை. வரலாற்றுக்கும் கடன்படவில்லை, வரலாறு அவர்களைத் தங்கள் கிராமத்திலிருந்து துரத்தி இங்கே கொண்டுவந்து போட்டது. அழகுக்கும் கடன்படவில்லை. அவர்கள் கடன்பட்டிருப்பது சுவரின் அந்தப் பக்கம் இருப்பவனுக்கு. தங்கள் உத்தரத்தை அசைத்தபோது அவன் உத்தரத்தையும் அசைத்தார்கள். அவனுடைய குழந்தைகளின் தலைமேல் இருப்பதை அசைத்தார்கள். தவறு அவ்வளவுதான், ஆனால் அது சிறியதில்லை.

தவறை இப்படி இடம் மாற்றி வைத்தவுடன் இன்னொன்று தெரிகிறது. அண்டை வீட்டானுக்கு இழைத்த தவறு என்றால், அதே தவறைச் செய்தவர்களின் வரிசை நீள்கிறது. வாடகை வாங்கிக்கொண்டு ஓட்டைக் கவனிக்காத பங்காளிகள் அதைத்தான் செய்தார்கள். விழுந்த வீட்டின் இடத்தைக் காலியாக விட்டு இரு பக்கத்தையும் சரியவிட்ட நிர்வாகமும் அதைத்தான் செய்தது. வீடு நிற்பதற்கு ஒன்றும் தராமல், விழுந்தால் மட்டும் வீடு தருகிற ஒரு விதியை வகுத்தவர்கள் அந்தக் குடும்பத்துக்கு ஒரே ஒரு கருவியைத்தான் கையில் கொடுத்தார்கள். வெளியிலிருந்து ரசித்துவிட்டு, ‘அப்படியே இருக்கட்டும்’ என்று சொல்லிப் போனவர்களும் இந்த வரிசையில் உண்டு. அந்த ‘அப்படியே’வின் செலவை அவர்கள் ஏற்கவில்லை. நேசிப்பது மட்டும் ஒரு பொருளின்மேல் உரிமை தருவதில்லை. அது ஒரு சுமையைத் தூக்க முன்வரும்போது, தூக்கிய அளவுக்கு மட்டும், பேசும் உரிமை வருகிறது.

இதற்கு நியாயமான ஆட்சேபம் ஒன்று எழும். சுவரின் இரண்டு பக்கத்துக்காரர்களும் சேர்ந்து போய்விட விரும்பினால்? அந்தத் தெருவே போய்விட விரும்பினால்? அண்டை வீட்டு தர்மம் அங்கே முடிந்துவிடுகிறதே, பிறகு புல்டோசரை யார் தடுப்பது? நான் இரண்டு பதில்கள் சொல்வேன், இரண்டும் எனக்கே முழுத் திருப்தி தராதவை. ஒன்று: கூரை ஒழுகும்போது, தண்ணீர்க் குழாய் கசியும்போது, முட்டுக்கு அடியில் பத்து வருஷம் நடக்கும்போது எழுகிற போய்விடும் ஆசையைச் சுதந்திரமான ஆசை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முதலில் கூரையைச் செப்பனிடுங்கள், பிறகு கேளுங்கள். அதன் பிறகும் போக விரும்புகிறவன் போகட்டும். வீட்டைப் பழக்கமாக்கிக்கொள்ள விரும்பும் வேறொருவன் வருவான். இரண்டு: எல்லோரும் போய்விட்டால், மிச்சமிருப்பதைப் பாதுகாப்பதில் தவறில்லை, ஆனால் அதைக் காஸ்பா என்று அழைக்கக் கூடாது. அருங்காட்சியகம் என்று நேர்மையாகச் சொல்லலாம். சமாதிக்கும் மரியாதை உண்டு. சமாதியை வீடு என்று சொல்லி நுழைவுச்சீட்டு விற்பதுதான் பொய்.

சாய்தலைக் காப்பாற்றுவது என்றால் நடைமுறையில் என்ன என்று கேட்கலாம். ஒதுக்கீட்டுப் பணத்தில் ஒரு பங்கு, விழுந்த வீட்டுக்குப் போகாமல் நிற்கிற வீட்டுக்குப் போவது. பாகப்பிரிவினை தீரும்வரை காத்திராமல் பழுது பார்க்கச் சட்டம் இடம் தருவது. முகப்புக்கு முன்னால் குழாயையும் சாக்கடையையும் கவனிப்பது. சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த கொத்தனுக்கு அந்தத் தெருவிலேயே வருஷம் முழுக்க வேலை இருப்பது. இவற்றில் எதையும் புகைப்படம் எடுக்க முடியாது. திறப்பு விழா நடத்தவும் முடியாது. அதனாலேயே இவை நடப்பதில்லை. கெட்ஷாவா மசூதி துருக்கியின் பணத்தில் செம்மையாகப் புதுப்பிக்கப்பட்டு 2018-ல் திறக்கப்பட்டது. நல்ல காரியம். அதன் படிகளிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் மறு வருஷம் அந்தக் கட்டடம் விழுந்தது.

மரபு பற்றி எழுத்தாளர்களாகிய நமக்குள் ஓயாமல் நடக்கும் தர்க்கத்துக்கும் இதில் ஏதோ இருக்கிறது என்று நினைக்கிறேன். மரபைப் போற்றுகிறவர்களும் உடைக்கிறவர்களும் அதைத் தங்களுக்கு எதிரே நிற்கும் ஒரு பொருளாகவே பார்க்கிறார்கள்; ஒருவர் முகப்புக்கு வெள்ளையடிக்கிறார், மற்றவர் வெடி வைக்கிறார். பழைய சொல் ஒன்றில் இன்னும் யாருடைய உத்தரம் செருகியிருக்கிறது என்று இருவரும் விசாரிப்பதில்லை. விசாரிக்கிறவன் சில சொற்களைக் காப்பாற்றுவான், சிலவற்றைப் போகவிடுவான், இரண்டையும் சத்தமில்லாமல் செய்வான். இப்னு அர்-ராமி தகராறான சுவரின் முன் நின்று பார்த்ததும் இதைத்தான்: சுவர் யாருடையது என்பதை மட்டுமல்ல, எடுத்தால் எது விழும் என்பதை. அந்தக் கேள்வியிலிருந்து தொடங்காத பாதுகாப்பு எதையும் என்னால் நம்ப முடியவில்லை.